பதினான்காவது வரி

மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, பழவேற்காடு ஏரியின் அக்கரையில், கலங்கரை விளக்கத்துக்குச் சற்றுத் தள்ளி மணலில் நின்றுகொண்டு, ஒரு அட்டையில் பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் கெட ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான். மணி எனக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், கையெழுத்துக்குப் பக்கத்தில் மணியையும் எழுதியாக வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். அந்த அட்டை இன்னும் என் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பதில்லை. தூக்கி எறியவும் கை வரவில்லை.

அவர் கும்மிடிப்பூண்டியில் என் மகள் படித்த பெண்கள் பள்ளியின் எழுத்தர். பெயரை எழுதப் போவதில்லை. பிள்ளைகள் அவரைப் பதினெட்டு சார் என்றார்கள். அது அவருக்குத் தெரியும், கோபித்துக்கொண்டதில்லை. ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் கூராகச் சீவிய இரண்டு பென்சில்கள். ஒன்று உடைந்தால் இன்னொன்று வேண்டும் என்று வைத்திருக்கிறார் என நினைத்தேன். அப்படி இல்லையாம். ஒன்று அவருக்கு, ஒன்று எதிரில் நிற்பவருக்கு.

அவரை முதலில் பார்த்தது சுகுணாவை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று. புதிதாக வந்த தொழிற்பேட்டையில் என் கணவருக்கு வேலை கிடைத்து, திருவள்ளூரிலிருந்து குடிபெயர்ந்து வந்து நான்கு நாள்கூட ஆகவில்லை. பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்துத் திருவள்ளூர் போய், தாலுகா ஆபீசில் ரேஷன் கார்டு வேலையை முடித்தாக வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பி அவரிடம் நீட்டினேன். அவர் அதை என் பக்கமே திருப்பி வைத்தார்.

“படிங்கமா.”

“எழுதினதே நான்தான் சார்.”

“அதனாலதான் சொல்றேன். எழுதனவங்க கண்ணுக்குத் தப்பு தெரியாது. வாய்விட்டுப் படிங்க.”

“எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“எல்லாம்னு ஒரு வரி இதுல இல்லமா. மொத வரிலேருந்து வாங்க.”

பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம், அம்மை குத்திய விவரம் என்று இருபத்திரண்டு வரிகளையும் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். ஒரு தப்பும் இல்லை. பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ் ஒன்றரை மணிக்கு. அதுவரை உட்கார வைத்து, நான் கேட்காமலேயே, அமெரிக்காவில் நடந்த ஒரு கோல்ஃப் பந்தயத்தின் கதையைச் சொன்னார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கு வரும் முன் அவர் மெட்ராஸில் ஒரு கோல்ஃப் கிளப்பில் இருபது வருடம் வேலை பார்த்தவர். போட்டி நாட்களில் ஆட்டக்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கும் அட்டைகளை வாங்கி வைக்கும் மேஜை அவருடையது. கோல்ஃப் கோலை அவர் கையால் தொட்டதுகூட இல்லை என்று நினைக்கிறேன். கிளப்பில் அட்டையின் அச்சை மாற்றியபோது, வீணாகப் போக இருந்த பழைய அட்டைகளைக் கேட்டு வாங்கி ஒரு சாக்கு நிறைய எடுத்துவந்திருந்தார். தடித்த, மஞ்சள் பாரித்த அட்டை. மேலே கிளப்பின் சின்னம். அதை ஒவ்வொரு அட்டையிலும் மையால் அடித்திருந்தார். கீழே பதினெட்டுக் கட்டங்கள், கையெழுத்துக்கு இரண்டு இடம். பள்ளியில் வருகை, புத்தகம், சத்துணவுத் தட்டு, விளையாட்டுச் சாமான் எதுவானாலும் அந்த அட்டையில்தான். பதினெட்டுக்கு மேல் போனால் இன்னொரு அட்டை.

“நாலு நாள் ஆட்டம்மா அது,” என்று தொடங்கினார். “ஒரு நாளைக்குப் பதினெட்டு குழி. பந்தைக் குழில தள்றதுக்கு எத்தினி அடி அடிச்சியோ அத்தினி எழுதணும். யாருக்கு அடி கம்மியோ அவன் ஜெயிச்சான். ஆனா தன் கணக்கைத் தானே எழுதக் கூடாது. கூட ஆடறவன் எழுதுவான். கடைசில இவன் ஒவ்வொரு குழியா சரி பாத்துக் கையெழுத்து போட்டுக் குடுக்கணும்.”

கடைசி நாள் ஒரு ஆட்டக்காரருக்குப் பிறந்த நாளாம். வெளிதேசத்துக்காரர், வயது நாற்பத்தைந்து. அன்று அவர் ஆடியதுபோல் யாரும் ஆடவில்லை. பதினேழாவது குழியை மூன்று அடியில் முடித்தார். சுற்றி நின்ற கூட்டம் பார்த்தது, டெலிவிஷனில் ஊரே பார்த்தது. கூட ஆடினவர் மட்டும் மூன்றுக்குப் பதில் நான்கு என்று எழுதிவிட்டார். பதினெட்டாவது குழியில் ஒரு அடி வீணான வருத்தம், சுற்றிலும் இரைச்சல். பிறந்த நாள்காரர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

“அவ்ளோதான். கையெழுத்து போட்டப்புறம் மாத்த முடியாது. கம்மியா எழுதியிருந்தா ஆட்டத்துலேருந்தே தூக்கிடுவாங்க. ஜாஸ்தியா எழுதியிருந்தா எழுதினதுதான் கணக்கு. நியாயமா ரெண்டு பேரும் சமம், மறுநாள் மறுபடி ஆடியிருக்கணும். இப்ப ஒரு அடில இன்னொருத்தன் ஜெயிச்சுட்டான். ஜெயிச்சவனுக்குன்னு இருக்கற கோட்டை அவனுக்கு மாட்டினாங்க. பாவம், அவன்மேல ஒரு தப்பும் இல்ல. எப்படி ஜெயிச்சான்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க? பந்தாலயா? பென்சிலால ஜெயிச்சான்.”

“கூட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமே,” என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

அவர் முகம் மலர்ந்தது. எல்லோரும் இந்த இடத்தில் இதைத்தான் கேட்பார்கள் போலிருக்கிறது.

“கூட்டல் ஆட்டக்காரன் வேலையே இல்லமா. அதை ஆபீஸ் பாத்துக்கும். அவன் பாக்க வேண்டியது ஒவ்வொரு வரியும். கூட்டல் எப்ப வேணா சரியா வந்துடும்.”

அந்தக் கதையை அதற்குப் பிறகு எட்டு முறையாவது கேட்டிருப்பேன். சுகுணா வீட்டில் அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். பதினேழாவது குழி வந்ததும் ஒரு பென்சிலைக் காதுக்குப் பின்னாலிருந்து எடுப்பாள். நான் சிரித்திருக்கிறேன்.

ஆனால் அந்த மனிதரோடு ஒரு காரியம் செய்வது சிரிக்கிற விஷயம் இல்லை. பள்ளி ஆயாவின் மகளுக்குக் கல்யாணம். கடைசிப் பந்தி. இன்னும் எத்தனை பேர் சாப்பிட வேண்டும் என்று சமையல்காரர் கேட்டார். இவரிடம் கேட்டதுதான் குற்றம். அட்டையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பாயாகப் போய், உட்கார்ந்திருப்பவரிடமெல்லாம் சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சா என்று கேட்டுப் பெயர் எழுத ஆரம்பித்தார். தூங்கிக்கொண்டிருந்த கிழவர் ஒருவரை எழுப்பிக் கேட்டார்.

“யோவ் சார், இலைய எண்ணி சொல்லுய்யா. ஆளை ஏன் எழுப்பற?” என்று சமையல்காரர் கத்தினார்.

“இலை சாப்புடாது,” என்றார் இவர்.

சாம்பார் ஆறிப்போனது. எண்ணிக்கை முப்பத்தொன்று. சமையல்காரர் கண்ணாலேயே பார்த்துச் சொன்னதும் முப்பத்தொன்றுதான்.

இன்னொன்று உண்டு, அது வேடிக்கை இல்லை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஓட்டத்தில் கெட்டி. திருவள்ளூரில் பல பள்ளிகள் சேர்ந்து நடத்தும் விளையாட்டுப் போட்டிக்குப் போக வேண்டும். பஸ் ஏறும் நேரத்தில் அவள் படிவத்தில் தகப்பனாரின் முதலெழுத்து பள்ளிப் பதிவோடு ஒத்துவரவில்லை என்று கண்டுபிடித்தார். அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார். தலைமையாசிரியை அவரிடம் கெஞ்சியதை நான் பார்த்தேன். “அங்க அவ்ளோ பேர் முன்னால திருப்பி அனுப்புவாங்கமா. அது இதைவிடக் கேவலம்,” என்றார். பஸ் அவள் இல்லாமல் போயிற்று. அந்தப் பெண் பள்ளி வாசல் படியில் உட்கார்ந்து அழுதாள். இவர் மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் இரண்டு படி தள்ளிச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். மறு வருடம் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படியை அதற்குப் பிறகு நான் நிம்மதியாக ஏறியதில்லை.

தை மாதம் ஒரு சனிக்கிழமை, ஆறாம் ஏழாம் வகுப்புப் பெண்களைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போக ஏற்பாடாயிற்று. முப்பத்தாறு பேர். இரண்டு கம்பெனிகளிலிருந்து இரண்டு வேன்களை இரவல் வாங்கியிருந்தார்கள். ஆறு மணி ஷிப்டுக்கு ஆள் ஏற்ற வேண்டும், அதற்குள் வண்டிகள் கும்மிடிப்பூண்டி திரும்பிவிட வேண்டும் என்பது பேச்சு. இக்கரையில் வேனை விட்டுவிட்டு, படகில் ஏரியைக் கடந்து, அக்கரையில் கலங்கரை விளக்கத்தையும் கடலையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

இரண்டு வேன், இரண்டு படகு, படகுக்குப் பதினெட்டுப் பேர், இரண்டு அட்டை. அவர் அன்று இருந்த சந்தோஷத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. முதல் படகுக்கு ஓர் ஆசிரியை. இரண்டாவது படகுக்குப் பெற்றோர் சார்பில் நான். தலைமையாசிரியைக்கு முழங்கால் வலி, அவர் இக்கரையிலேயே இருந்துவிட்டார். பதினெட்டு சாரும் இக்கரையில்தான். அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். படகுத் துறைக்குப் பத்தடி தள்ளியே நின்றார்.

அட்டையைப் பார்த்தேன். சுகுணா முதல் படகில் இருந்தாள்.

“என் பொண்ணு என் படகுலதானே சார் வரணும்?”

“கூடாதுமா. உங்க பொண்ணு இருந்தா உங்க கண்ணு அவமேலயே இருக்கும். மத்த பதினேழு பேர்?”

“பெத்தவ பக்கத்துல பொண்ணு இருந்தா என்ன சார் தப்பு?”

“தன் கணக்கைத் தானே எழுதக் கூடாது. அந்தப் படகை நீங்க எண்ணுங்க, உங்க படகை டீச்சர் எண்ணுவாங்க. ஏறச்சொல்ல ஒரு தடவை, எறங்கச்சொல்ல ஒரு தடவை. தலையை எண்ணாதீங்க. பேரைக் கூப்பிடுங்க. அவங்க வாயால சொல்லணும்.”

காலையில் அப்படியே செய்தோம். பதினெட்டுப் பெயர், பதினெட்டு ‘உள்ளேன் அம்மா’. படகுக்காரர் கழியை ஊன்றிக்கொண்டு கொட்டாவி விட்டார்.

கடலில் சுகுணா முழங்காலுக்கு மேல் இறங்கிவிட்டாள் என்று எல்லோர் முன்னாலும் அதட்டினேன். தோழிகள் சிரித்தார்கள். அதிலிருந்து அவள் என் பக்கம் திரும்பவில்லை. நானும் சரி, எவ்வளவு நேரம் பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்.

நான்கு மணிக்குக் காற்று மாறியது. மணல் கண்ணில் அடித்தது. பெண்கள் எல்லோரும் கொண்டுவந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். “சீக்கிரம் ஏத்துங்கமா. காத்து திரும்பிக்கினு இருக்குது. அப்புறம் தள்ள முடியாது,” என்று படகுக்காரர் துரிதப்படுத்தினார். பெயர் கூப்பிட்டால் காற்றில் கேட்கவும் இல்லை. நான் அட்டையைத் துண்டுத் தலைகளுக்கு நேரே பிடித்துக்கொண்டு, முதல் படகில் ஏற ஏற எண்ணினேன். சுகுணாவின் பச்சைப் பை படகில் இருப்பதைப் பார்த்தேன். அதற்கு மேல் அவள் முகத்தைத் தேடவில்லை. கோபத்தில் இருக்கும் மகளைத் தேடிப் பார்ப்பானேன் என்ற வீம்பு. நடுவில் ஒரு சின்னப் பெண் என் புடவையை இழுத்து, “யக்கா, ஒரு பொண்ணு…” என்று ஏதோ சொல்ல வந்தாள். “பேசாம ஏறு. எண்ணிக்கை தப்பிடும்,” என்றேன். ஏறினாள்.

பதினெட்டு. எழுதினேன். மணி போட்டேன். கையெழுத்துப் போட்டு அட்டையை ஆசிரியையிடம் கொடுத்தேன்.

முதல் படகு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. என் படகு இக்கரை சேர ஐந்து மணி. நாங்கள் இறங்கும்போதே வேன்காரரின் ஹாரன் சத்தம் கேட்டது. முதல் படகுப் பிள்ளைகள் வேனுக்குப் பக்கத்தில் வரிசையாகத் தரையில் நின்றுகொண்டிருந்தார்கள். பதினெட்டு சார் வேனுக்கு நேர் முன்னால், கையில் என் அட்டையோடு.

“சார், ஆறு மணிக்கு ஷிப்டு வண்டி. பேஜார் பண்ணாத. ஏத்தி உடு,” என்றார் டிரைவர்.

“இன்னும் கூப்பிடல.”

ஆசிரியை சொன்னார்: “நான் எறங்கும்போதே எண்ணிட்டேன் சார். பதினெட்டு. இவங்க ஏறும்போது எண்ணினதும் பதினெட்டு.”

“அது கூட்டல்மா.”

தலைமையாசிரியை, “விடுங்க சார், வண்டி கொடுத்தவங்ககிட்ட நாளைக்கு நாம முகம் காட்டணும்,” என்றார். அவர் அசையவில்லை. பிள்ளைகள் பசியில் வாடி நின்றார்கள். எனக்குப் பதினொரு மணி பஸ் ஞாபகம் வந்தது. ஆறிப்போன சாம்பார் ஞாபகம் வந்தது. படியில் அழுத பெண் ஞாபகம் வந்தது. எல்லாம் சேர்ந்து வாயில் வந்துவிட்டது.

“நானே எண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கேன் சார். என் கையெழுத்துக்கு மதிப்பு இல்லையா? உங்களுக்குன்னு ஒரு பிள்ளை இருந்தா இந்த நேரத்துல இதுங்களை இப்படி நிக்க வெப்பீங்களா?”

அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். டிரைவர்கூட ஹாரனிலிருந்து கையை எடுத்தார். அவர் பென்சில் முனையைப் பார்த்தார்.

“ஒண்ணு,” என்று கூப்பிட்டார்.

அந்தப் பெண் பெயரைச் சொல்லி, உள்ளேன் ஐயா என்றாள். புள்ளி வைத்தார். இரண்டு. மூன்று. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏரியைப் பார்த்தேன். பத்து. பதினொன்று. பதிமூன்று வரை வந்தது.

“பதினாலு. சுகுணா.”

பதினேழு இல்லை, பதினான்கு. கட்டுக்கதையாக இருந்தால் நான் பதினேழு என்று எழுதியிருப்பேன்.

கோபத்தில் வாய் திறக்காமல் நிற்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். “சுகுணா, பதில் சொல்லு,” என்று திரும்பினேன். அவர் மறுபடி கூப்பிட்டார். வேனின் இன்ஜினை டிரைவர் நிறுத்தினார். பச்சைப் பை வேறொரு பெண்ணின் தோளில் தொங்குவதை அப்போதுதான் பார்த்தேன்.

“பையை வெச்சுக்கோ, ஒதுங்கிட்டு வரேன்னு போனா சார். வந்துட்டான்னு நெனச்சேன்,” என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

அவர் அவளை விட்டுவிட்டு, மீதி நான்கு பெயரையும் கூப்பிட்டு முடித்தார். அந்த நேரத்திலும் முடித்தார். பதினேழு பேர் குரல் கொடுத்திருந்தார்கள். வரிசையில் பதினெட்டுத் தலை. கடைசியில் நின்ற சின்னப் பெண்ணிடம் போனார்.

“உன் பேரு இன்னாமா?”

“என் பேரு அதுல இல்ல சார். நான் அந்தாண்ட ஊரு. இங்க எங்க அத்தை ஊடு இருக்குது, அதான் ஏறிட்டேன்.”

அதே நீலப் பாவாடை, அதே வெள்ளைச் சட்டை. அக்கரைக் குப்பத்துப் பஞ்சாயத்துப் பள்ளியிலும் அதே சீருடைதான்.

“ஒரு அக்கா ஒதுங்க எடம் கேட்டுச்சு. வெளில எல்லாம் ஆளா இருக்குதுன்னு எங்க சித்தி அதை ஊட்டாண்ட இட்டுனு போச்சு. படகை நிறுத்தச் சொல்லுன்னு என்னை அனுப்பிச்சு.” அவள் என்னைக் கை காட்டினாள். “தோ, அவங்ககிட்டதான் சொல்ல வந்தேன். பேசாம ஏறுன்னாங்க.”

நான் அவர் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கப் போனேன். அந்தப் பதினெட்டை அடித்துப் பதினேழாக்க வேண்டும், அதைச் செய்தால் ஏதோ சரியாகிவிடும் என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது. அவர் அட்டையை மார்போடு பிடித்துக்கொண்டார்.

“மாத்தக் கூடாதுமா. போட்டது போட்டதுதான்.”

பிறகு துறைக்கு நடந்தார். படகுக்காரரும் அவர் தம்பியும் கழியை எடுத்துவிட்டார்கள். வீட்டைக் காட்ட அந்தச் சின்னப் பெண் ஏறினாள். இவரும் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“நீ எதுக்கு சார்? தண்ணியப் பாத்தாலே உனக்கு ஒடம்பு ஒதறுது. நாங்க இட்டுனு வரோம்,” என்றார் படகுக்காரர்.

“எந்தப் பொண்ணுன்னு உனக்குத் தெரியாது. வேற ஒண்ணைக் கொணாந்து நிறுத்துவ.”

“நானும் வரேன்,” என்று தண்ணீரில் இறங்கினேன்.

“வாணாம்மா. எதிர்காத்து. ஆள் ஏற ஏறப் படகு நவுராது,” என்றார் படகுக்காரர்.

இவர் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கண்ணை மூடி ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டாவது அட்டையையும் இரண்டாவது பென்சிலையும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

“உங்க படகை இன்னும் கூப்பிடல. கூப்பிடுங்க.”

அந்த நிமிடத்தில் அவரைப்போல நான் யாரையும் வெறுத்ததில்லை. என் மகள் அக்கரையில் எங்கே என்று தெரியாமல் நிற்கிறேன், அவர் என்னிடம் மற்றவர்களுடைய பதினெட்டுப் பெண்களின் பெயரைக் கூப்பிடச் சொல்கிறார். ஆனாலும் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒவ்வொருத்தியும் கிட்டே வந்து, என் முகத்தைப் பார்த்து, மெதுவாகத் தன் பெயரைச் சொன்னாள். பதினெட்டும் இருந்தன. பதினெட்டுப் புள்ளி வைத்தேன். கோணல் மாணலாக இருக்கும்.

ஆசிரியையோடு இரண்டாவது வேன் அடைசலாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. ஹாரன் அடித்துக்கொண்டிருந்த டிரைவர் போகவில்லை. “ஷிப்டு கெடக்குது,” என்று சொல்லி பீடியைப் பற்றவைக்காமல் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இத்தனை வருடத்தில் இதை நான் பல விதமாக நினைத்துப் பார்த்துவிட்டேன். அவர் சட்டத்தால்தான் என் மகள் என் படகில் இல்லை. என் படகில் இருந்திருந்தால் அவள் ஒதுங்கப் போகும்போது என்னிடம்தானே கேட்டிருப்பாள்? அவர் சட்டத்தால்தான் அவள் இல்லை என்பதும் தெரிந்தது. இல்லாவிட்டால் அவள் முதல் வேனில் இருக்கிறாள் என்று நான் இரண்டாவது வேனில் கும்மிடிப்பூண்டி வரை வந்திருப்பேன். ஒன்றுக்குக் கோபம், இன்னொன்றுக்கு நன்றி என்று பிரித்துக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. நான் சொன்ன அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். மறுவாரம் பள்ளிக்கே போய்க் கேட்டேன். “எந்த வார்த்தைமா?” என்றார். சொல்லச் சொல்வாரோ என்று பயந்து திரும்பிவிட்டேன். நான் பதினெட்டு என்று எழுதிய அட்டையை அன்று புறப்படும்போதுதான் என்னிடம் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து அவர் பள்ளியை விட்டுப் போனபோது நாங்கள் ஊரில் இல்லை.

சுகுணா இப்போது மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். “எல்லாம் சவுக்கியம்” என்று கடிதம் போடுகிறாள். எனக்கு அந்த ‘எல்லாம்’ போதவில்லை. சாப்பாடு, தூக்கம், இருமல், தோழிகள் என்று வரிவரியாக எழுதச் சொல்லிப் பதில் போடுகிறேன். அவள் எரிந்து விழுகிறாள்.

அன்று வெயில் இறங்கி, ஏரி ஈயத் தகடுபோல் ஆன பிறகு படகு தெரிந்தது. புள்ளிபோல் வந்தது. நான் எண்ணினேன். நான்கு தலை. போனதும் நான்கு பேர்தான்: படகுக்காரர், தம்பி, சின்னப் பெண், இவர். சின்னப் பெண் அங்கேயே இறங்கி, அவள் இடத்தில் சுகுணா வந்தாலும் நான்கு. சுகுணா கிடைக்காமல் போனவர்களே திரும்பினாலும் நான்கு. கூட்டல் இரண்டுக்கும் சரியாக வந்தது. எண்ணிப் பயன் இல்லை என்று தெரிந்த பிறகும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

அரைவாசி தூரம் வந்த பிறகுதான் தலையிலிருந்து நழுவிய துண்டும், அதை எரிச்சலோடு இழுத்துவிட்ட கையும் தெரிந்தன. அந்த எரிச்சல் எனக்குத் தெரிந்த எரிச்சல்.

படகு கரை தட்டியது. “நடந்தே வந்துடலாம்னு எறங்கிடுச்சுமா. இடுப்பளவு தண்ணில நின்னுக்கினு இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் வந்திருந்தா ஓடைப் பள்ளம்,” என்றார் படகுக்காரர், கழியைத் துடைத்தபடி. சுகுணாவின் பாவாடை முழுக்க நனைந்திருந்தது. அவள் குதித்து இறங்கினாள். இவர் இறங்கும்போது கால் மடங்கி, தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். டிரைவர் ஓடிப்போய்த் தூக்கினார்.

நான் மகளை நோக்கிப் போனேன். கை எட்டும் தூரத்தில் அவர் குரல் வந்தது.

“கொஞ்சம் இருங்கமா.”

வேட்டியில் தண்ணீர் சொட்ட, சட்டைப் பையிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்தார். ஓரம் நனைந்திருந்தது. அதில் பதினான்காவது வரியில் மட்டும் ஒரு பெயர். படகில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும், எழுத்து ஆடியிருந்தது. அதை என்னிடம் நீட்டினார். “நீங்க கூப்பிடுங்க.” நான் அட்டையை வாங்காமல் மகளையே பார்த்தேன். அவரே கூப்பிட்டார்.

“பதினாலு. சுகுணா.”

“எதிர்லதான சார் நிக்கறேன். பாத்தா தெரியலையா?” என்றாள் அவள்.

“தெரியுதுமா. வாயால சொல்லு.”

அவள் என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, வகுப்பில் நிற்பதுபோல் நேராக நின்றாள்.

“சுகுணா. உள்ளேன் ஐயா.”